கோதண்டத்தின் அரை வரி

ஒண்டிப்பனைக் குப்பத்தில் ஓர் ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் மறுநாளே அவன் பேரில் முழு வரி ஏறிவிடும். சர்க்கார் வரி இல்லை, ஊர் வரி. பதினெட்டு வயது முடிந்த பையனுக்கு அரை வரி, தாலி கட்டியவனுக்கு முழு வரி. கோயில் திருவிழா, கடலில் போய்த் திரும்பாதவன் வீட்டுச் செலவு, பக்கத்துக் குப்பத்தோடு வலைத் தகராறு வந்தால் வக்கீல் செலவு, எல்லாம் அந்த வரியில்தான் நடக்கும். முழு வரிக்காரன் பஞ்சாயத்தில் உட்காரலாம், பேசலாம், ஊருக்கு எது வந்தாலும் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. அரை வரிக்காரன் அப்பன் வீட்டில் அடக்கம். அவன் ஓரமாக நின்று காதில் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கோதண்டத்துக்கு நாற்பத்தொரு வயது. தாலி கட்டிப் பதினைந்து வருஷம். பதின்மூன்று வயதில் பெண் இருந்தாள். அவன் பேருக்கு நேராக மட்டும் வரிப் புத்தகத்தில் 'அரை' என்றுதான் இருந்தது.

அவன் உயரம் மூன்றடி பத்தங்குலம். கை, கால், தலை எல்லாம் உயரத்துக்குத் தக்கபடி அளவாக இருக்கும். முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் பள்ளிக்கூடப் பையன். முன்பக்கம் வந்தால்தான் மீசையும், கண்ணுக்குக் கீழே இறங்கிய பையும் தெரியும். கல்யாணத்துக்கு மறுநாள் அவன் வெற்றிலை பாக்குத் தட்டோடு பஞ்சாயத்தார் முன்னால் போய் நின்றபோது அன்றைக்கு இருந்த பெரியவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். நீ துடுப்புப் பிடிக்கப் போவதில்லை, வலை இழுக்கப் போவதில்லை, உனக்கு எதற்கு முழு வரி, அரையே கட்டு போ என்றார். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே கும்பிட்டான். ஊர் தனக்குச் சலுகை செய்கிறது என்று நினைத்தான். பிற்பாடு ஊனமுற்றோர் சங்கம் வைத்து மேடையேறிய காலத்தில், எங்கள் குப்பத்தில் சட்டம் வருவதற்கு முன்னாலேயே ஊனமுற்றவனுக்குப் பாதி வரி தள்ளுபடி என்று பெருமையாகப் பேசியும் இருக்கிறான். எனக்குத் தெரிந்து அவன் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான். ஊர் வரி வாங்குகிற குப்பத்தில் பிறந்தவனைத் தவிர வேறெவனும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

சினிமாவுக்கு அவன் போனதும் அவனாகப் போனதில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி உடைத்துப் பெட்டியில் நிரப்புகிற வேலையில் இருந்தான். எண்பத்தைந்தில் அங்கே ஒரு சண்டைக் காட்சி எடுக்க வந்தார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் இவனைக் கண்டுபிடித்தவர் டைரக்டர் இல்லை, சண்டை மாஸ்டர். வில்லனின் ஆள் இவனைத் தூக்கி ஐஸ் பெட்டிக்குள் எறிய வேண்டும், இவன் தலையில் ஒரு மீனோடு எழுந்திருக்க வேண்டும். எட்டுத் தடவை எறிந்தார்கள். எட்டாவது தடவை எழுந்தபோது உதடு நீலமாகிப் பல் கிட்டிவிட்டது. அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, பேரை எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்தில் நாற்பத்திரண்டு படம். நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். முப்பத்தொன்பது படத்தில் அவனை யாராவது தூக்கி எறிகிறார்கள், இல்லையென்றால் உதைக்கிறார்கள். டிரம்முக்குள் போட்டு உருட்டியிருக்கிறார்கள். குழந்தைக் குல்லா மாட்டித் தொட்டிலில் கிடத்தியிருக்கிறார்கள். கதாநாயகி பயந்து அலறுவதற்கென்றே பீரோவுக்குள் நிற்க வைத்திருக்கிறார்கள். சினிமாவில் அவன் பேர் கால்படி. தொண்ணூற்றாறில் ஓடிய ஒரு படத்தில் மட்டும் வசனம் கிடைத்தது. நகைச்சுவை நடிகர் கூட்டத்தில் இவனைத் தேடிக்கொண்டே இவன் மேல் நடந்துபோவார், இவன் கீழே கிடந்தபடி, “அண்ணே, கீழ பாருங்கண்ணே” என்பான். அந்த நாலு வார்த்தையை எண்ணூரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் சொன்னார்கள். திருவொற்றியூர்த் தேரடியில் அவன் பஸ்ஸுக்கு நின்றால் கண்டக்டர் முதற்கொண்டு சொல்வார்கள். முதல் ஒரு வருஷம் அவனுக்கே அது இனித்தது. அப்புறம் யாராவது பின்னால் வந்தால் தோள் குறுகத் தொடங்கிவிட்டான்.

அங்கம்மாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்தவன் அவள் அண்ணன் சுப்புராயன். சினிமாக்காரன், கார் வரும், மாடி வரும் என்று நம்பிக் கொடுத்தான். வந்தது கோடம்பாக்கத்திலிருந்து ஏஜென்ட் குமாரவேலின் வேன், அதுவும் மாதத்தில் இரண்டு நாள். மற்ற நாளெல்லாம் அங்கம்மாதான் விடியற்காலையில் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றிச் சாத்தாங்காட்டு இரும்புக்கடைத் தெருவுக்கும் மாத்தூர்ப் பக்கத்து வீடுகளுக்கும் கொண்டுபோய் விற்றாள். ஐந்தடி நாலங்குலம் இருப்பாள். புருஷனோடு தெருவில் நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று முதல் வருஷம் தள்ளி நடந்தாள். பிறகு பார்க்கிறவனைப் பார்த்துத் துப்பக் கற்றுக்கொண்டாள்.

சங்கம் தொடங்கியது பீம்ராவால். பீம்ராவ் வியாசர்பாடிக்காரன். போலியோவில் இரண்டு காலும் சூம்பியவன், எஸ்டிடி பூத் வைத்திருந்தான். தொண்ணூற்றைந்தில் புதுச் சட்டம் வந்திருக்கிறது, நாற்பது சதவீதம் ஊனம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் பஸ் பாஸ், மூன்று சக்கர வண்டி, பூத், கடன் எல்லாம் கேட்டு வாங்கலாம் என்று அவன்தான் கண்டுபிடித்தான். ஆனால் எந்த ஆபீசிலும் பீம்ராவைப் படிக்கட்டுக்கு மேலே ஏறவிடவில்லை. கோதண்டத்தைக் கூட்டிப் போனால் கதவு தானாகத் திறந்தது. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அந்த டயலாக்கைச் சொல்லு என்பார். இவன் சொல்வான். ஆபீசே சிரிக்கும். சிரித்த முகத்தோடு அவர் மனுவை வாங்கிக் கையெழுத்துப் போடுவார்.

பீம்ராவுக்கு அது பிடிக்கவில்லை. “இன்னா தலைவரே, ஒவ்வொரு கையெய்த்துக்கும் ஒருதபா நீ கீய வியணுமா?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டான்.

“சிரிச்சவன் கையெய்த்துப் போடாம போவ மாட்டான் பீமு. சினிமால காசுக்கு வியறேன். இங்க உங்களுக்கோசரம் வியறேன், வுடு.”

அப்படி விழுந்து விழுந்தே எட்டு வருஷத்தில் நூற்று அறுபது பேருக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தான். புளியந்தோப்பிலும் தண்டையார்பேட்டையிலும் இன்றைக்கும் அவனைத் தலைவர் என்று சொல்கிற வீடுகள் உண்டு. ஒண்டிப்பனைக் குப்பத்தில் மட்டும் கால்படிதான்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஏறி வந்து குப்பத்தின் முன்வரிசை வீடுகளை வழித்துக்கொண்டு போனது. கோதண்டத்தின் வீடு முன்வரிசை. அவர்கள் மூன்று பேரும் எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்றிருந்த கண்டெய்னர் லாரிமேல் ஏறித் தப்பினார்கள். கோதண்டத்தைத் தூக்கி மேலே போட்டவள் அங்கம்மா. அப்புறம் சாலைக்கு இந்தப்புறம் தார் ஷீட்டுக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். பத்தடிக்குப் பத்தடி. பங்குனி பிறந்ததும் உள்ளே உட்கார முடியவில்லை. மேலே தார் உருகியது, காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து ரசாயன வாடை வந்து தொண்டையைப் பிடித்தது. ராத்திரியும் பகலும் லாரி போகிற அதிர்வில் பாத்திரம் கிணுகிணுவென்று ஆடிக்கொண்டேயிருந்தது. கொட்டகைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஷீட்டு பிய்ந்துவிட்ட இடத்தில் சாக்கு கட்டியிருந்தார்கள். அடுத்த கொட்டகையில் பெண்டாட்டியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நாளெல்லாம் குடித்துக் கிடக்கும் ஒருவன். மகள் கீர்த்தி வயதுக்கு வந்தது அந்தக் கொட்டகையில்தான். அன்றிலிருந்து அங்கம்மா சாக்குப் பக்கமாகத் தான் படுத்து, பெண்ணை உள்பக்கம் போட்டுக்கொண்டாள். மீன் எடுக்க மூன்று மணிக்கு எழுந்து போகும்போது கோதண்டத்தை எழுப்பி அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவாள்.

ஆனி மாதம் வீடு வருகிறது என்று சேதி வந்தது. கல் வீடு, கக்கூசோடு. யார் யாருக்கு என்ற பட்டியலைக் குப்பத்துப் பஞ்சாயத்தே எழுதிக் கொடுக்க வேண்டும், வருவாய்த் துறையிலிருந்து ஆள் வந்து பார்த்து உறுதி செய்வார் என்று சொல்லிவிட்டார்கள். பஞ்சாயத்துக்கு யோசனையே இல்லை. வரிப் புத்தகத்தை எடுத்து முழு வரிக்காரன் பேரையெல்லாம் வரிசையாகப் பெயர்த்து எழுதிவிட்டது.

பேர் இல்லை என்று தெரிந்ததும் கோதண்டம் பஞ்சாயத்துக்குப் போனான். கலெக்டர் ஆபீசில் மைக் பிடித்துப் பேசியவன் அங்கே வாய் திறக்க முடியாது. அரை வரிக்காரனுக்காக அவன் அப்பன் பேச வேண்டும். அப்பன் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டதால் மச்சான் சுப்புராயனைப் பிடித்தான். இவன் காதோடு சொல்ல, சுப்புராயன் எழுந்து நின்று சொல்ல, பெரியவர் அப்பாவு நாட்டார் சுப்புராயனைப் பார்த்தே பதில் சொன்னார். மீதி அரையைப் பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன் என்று இவன் சொல்லச் சொன்னான். பழைய வரியை இன்றைக்குக் கட்டி முழு ஆளாகலாம் என்றால் நாளைக்குக் கல்யாணம் ஆகாத பையன் அத்தனை பேரும் பணத்தோடு வந்து நிற்பான் என்றார் நாட்டார். அவர் கெட்டவர் இல்லை. புத்தகத்தைத் தாண்டி யோசித்துப் பழக்கமில்லாதவர்.

“புஸ்தகத்துல அவன் பேருக்கு நேரா அரைன்னு கீது சுப்புராயா. அத்த வெச்சிகினு நான் இன்னான்னு எய்தறது? அரை வூடுன்னா எய்துவேன்?”

கூட்டம் சிரித்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை கோதண்டம் சிரிக்கவில்லை.

அரசாங்கப் பட்டியலில் ஊனமுற்றவர்களுக்குத் தனிப் பக்கம் உண்டு என்று பீம்ராவ் விசாரித்து வந்து சொன்னான். அதற்கு ஊர் வரி கிடையாது, டாக்டர் சான்றிதழ் போதும். வேடிக்கை என்னவென்றால் நூற்று அறுபது பேருக்கு வாங்கிக் கொடுத்தவன் தனக்கு வாங்கியதில்லை. ஒரே ஒரு தடவை ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தான். சட்டத்தில் கண், காது, கால் என்று வரிசையாக இருக்கிறது, குள்ளம் என்று ஒரு வார்த்தை இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். இருக்கிற சண்டைக்கு நடுவில் தன் சண்டையைத் தள்ளிப்போட்டுவிட்டான்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் புதிது, சின்ன வயது. இவனைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. நர்சைக் கூப்பிட்டு, இது யார் தெரிகிறதா என்றார். டயலாக் கேட்டார். கோதண்டம் சொன்னான். இன்னொரு தடவை, கீழே உட்கார்ந்துகொண்டு சொல்லுங்கள் என்றார். உட்கார்ந்துகொண்டும் சொன்னான். அந்த அறையில் இருந்த எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்புறம் டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டினார், விரல்களை மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், டேப்பை வைத்துக் கையையும் காலையும் அளந்தார்.

“கை கால்ல ஒரு குறையும் இல்லையே சார். எல்லாம் பெர்பெக்ட்டா இருக்கு. குள்ளமா இருக்கீங்க, அவ்வளவுதான். இதுக்கு நான் எத்தனை பர்சன்ட் போடறது?” என்றார். நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார். துண்டுக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டார், தம்பி மகனுக்குக் காட்டவாம்.

பீம்ராவ் வெளியே மூன்று சக்கர வண்டியில் காத்திருந்தான். இன்னா ஆச்சு என்று கேட்டான்.

“நான் முய்சா கீறனாம்பா” என்றான் கோதண்டம்.

பீம்ராவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் நூறு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன், பேப்பர்காரனைக் கூப்பிடுகிறேன் என்று கத்தினான். கோதண்டம் அவன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பட்டியல் சனிக்கிழமை போகிறது, நூறு வண்டி வந்து சேர்வதற்குள் வீடு முடிந்துவிடும் என்றான். ஊருக்கு அவன் அரை ஆள், ஆஸ்பத்திரிக்கு முழு ஆள். இரண்டு பேரும் அவனவன் கணக்குப்படி சரியாகத்தான் சொல்கிறார்கள் என்பதுதான் இதில் கொடுமை.

மறுநாள் மத்தியானம் சுப்புராயன் கொட்டகைக்கு வந்தான். அங்கம்மா விற்காமல் மீந்த காரப்பொடி மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீர்த்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். சுப்புராயன் குந்தி உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தான்.

“மச்சான், ஒரு வயி கீது. சொன்னா நீ கோச்சிக்கக் கூடாது. பொம்பளைங்க லிஸ்டுன்னு ஒண்ணு தனியா கீது. ஆம்பள இல்லாத வூடு. அதுல வரி கிரி ஒண்ணியும் பாக்க மாட்டாங்க. நாட்டார் ஒரு லெட்டர் குட்த்தா போதும்.”

கோதண்டத்துக்குச் சட்டென்று விளங்கவில்லை. அங்கம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவள் கை மீன் சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

“இன்னாண்ணே சொல்ற? நான் பூவும் பொட்டுமா கூடை தூக்கினு போறத ஊரே பாக்குது.”

“ஊரு பாத்தா இன்னா? ஊருதான எய்திக் குடுக்குது. நாட்டாருகிட்ட பேசிட்டேன். அவுரு ஒத்துகினாரு. ஏயு வருசத்துக்கு முன்னாடி கட்டுமரத்துல போனவன் திரும்பலன்னு லெட்டர்ல போட்டுக்கலாம். கடல்ல பூட்டவனுக்குப் பொணம் ஏது, சர்ட்டிபிகேட் ஏது? எவனும் கேக்க மாட்டான். ஆபீசர் அட்த்த வியாயக்கெயம வர்றாரு. அன்னிக்கு ஒரு நாள் மச்சான் சூட்டிங் கீட்டிங்னு எங்கனா பூட்டா செரியாப்பூடும்.”

“நான் கட்டுமரம் ஏறனதே இல்லியே சுப்பு” என்றான் கோதண்டம். எதற்கு அதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. பிறகு குரல் தேறி, “நூத்தி அறுவது பேருக்கு எய்தி வாங்கிக் குட்த்தேன். ஒருத்தனுக்கும் ஒரு எய்த்து பொய் எய்தல. ரெண்டு காலும் கீறவன் ஒருத்தன் வந்து காசு குடுக்கறேன்னு நின்னான். தொரத்தி வுட்டேன். இப்ப நானே செத்துட்டேன்னு எய்திக்கவா? அப்பால எந்த மூஞ்சோட சங்கத்துல போயி குந்துவேன்?”

அங்கம்மா கையைக் கழுவினாள். கழுவிவிட்டு நிதானமாக முந்தானையில் துடைத்தாள். அவள் கத்தியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

“உன் நூத்தி அறுவது பேரும் வந்து எனுக்குக் கூரை போடுவாங்களாய்யா? ஐப்பசில மய வருது. அந்தப் பக்கம் குட்ச்சிட்டு பட்த்துனு கீறான் பாரு, அவனுக்கும் எம் பொண்ணுக்கும் நடுவுல ஒரு கோணிதான் கீது. முந்தாநாளு கோணிக்குக் கீய கை வந்துச்சி. நான் அருவாமனைய எட்த்தேன், கை போச்சி. நான் மீனுக்குப் போற நேரத்துல வந்தா நீ இன்னா பண்ணுவ, சொல்லு.”

அந்தக் கையைப் பற்றி அதற்கு முன் அவள் அவனிடம் சொன்னதில்லை என்பதே அந்தக் கேள்விக்குப் பதிலாக இருந்தது.

“நீ உசுரோட கீறதுக்கு எனுக்கு வூடு இல்லன்றாங்க. செத்தா வூடு குடுக்கறாங்களாம். இதுல நான் இன்னாத்த சொல்ல? நீயே சொல்லிடு” என்றவள் அப்புறம் அழுதாள். புருஷனை நினைத்துத்தான் அழுதாள், வீட்டை நினைத்து இல்லை. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி என்று சொல்லக் கோதண்டத்துக்கு ஒரு நாள் பிடித்தது. சொன்ன பிறகு குமாரவேலுக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை எந்த வேஷமாக இருந்தாலும் பரவாயில்லை, வேனை அனுப்பு என்றான். கரடித் தோலுக்குள் நிற்கிற வேஷம் இருக்கிறது, முகம் தெரியாது, வருகிறாயா என்றான் குமாரவேல். வருகிறேன் என்றான்.

கீர்த்தியிடம் அங்கம்மா சொல்லிக்கொடுத்தாள். நைனா பேர், ஏழு வருஷம், கட்டுமரம், திரும்பவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல அவள் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அந்த ராத்திரி அப்பனுக்குச் சோறு போடும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்க்காமல் போட்டாள்.

வியாழன் என்று சொன்ன அதிகாரி புதன்கிழமை காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். மறுநாள் சொந்தத்தில் கல்யாணமாம். ஜீப்பை நெடுஞ்சாலையிலேயே விட்டுவிட்டுக் கொட்டகைச் சந்துக்குள் நடந்து வந்தார். ஐம்பது வயது, வியர்த்து வழிகிற உடம்பு, கையில் குடை. எல்லாரையும் அம்மா, ஐயா என்றுதான் கூப்பிட்டார். கூடவே சுப்புராயன், முகம் வெளுத்து, வழியெல்லாம் உரக்கப் பேசிக்கொண்டே வந்தான்.

அண்ணன் குரல் கேட்டதுமே அங்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பூவைப் பிய்த்து அரிசிப் பானைக்குள் போட்டாள். பொட்டைப் புறங்கையால் அழித்தாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளி முந்தானையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து நின்றாள். கீர்த்தி யூனிபார்மில் ஒரு பக்கம் சடை பின்னி, மறு பக்கம் விரித்தபடி அவள் அருகில் வந்து நின்றாள்.

கோதண்டம் எதிரே, இருபதடியில், தண்ணீர்த் தொட்டி வரிசையில் இருந்தான். கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் சுவர். அதிகாரியின் கண்ணில் படாமல் போக வழி கிடையாது. முன்னும் பின்னும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம். எம்.சி. ரோட்டில் பையன்களுக்குத் தொங்கவிட்டிருக்கும் ரெடிமேட் துணிதான் அவன் எப்போதும் வாங்குவது. அன்றைக்குக் காக்கி அரை டிராயரும் கையில்லாத பனியனும் போட்டிருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்து நின்றான்.

அதிகாரி பட்டியலைப் பார்த்து, அங்கம்மா, கணவர் பேர் கோதண்டம், காலமாகிவிட்டார் என்று படித்தார். எப்போது என்று கேட்டார். அங்கம்மாவுக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. துக்கம் என்று நினைத்து அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீ சொல்லும்மா. அப்பாவுக்கு என்ன ஆச்சு?”

“கடலுக்குப் போனாரு சார். ஏழு வருசம் ஆவுது. வரல” என்றாள் கீர்த்தி. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது. அது வேஷமா நிஜமா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை. தொட்டி வரிசையில் கோதண்டத்தின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் குழாயை மூடவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். பேனாவை மூடப்போனவர் நிமிர்ந்து எதிரே பார்த்தார்.

“தண்ணி வீணாப் போகுது பாரு. அந்தப் பையன் யாரு? உங்க வீட்டுப் பையனா?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். வீட்டு வாசலுக்கு நேராக நிற்கிறானே என்று கேட்டார். அந்தச் சந்தில் அத்தனை கொட்டகை வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். கோதண்டம் திரும்பியிருக்கலாம். திரும்பி, நான்தான் கோதண்டம், உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆபீஸ் ஆபீசாக ஏறி எட்டு வருஷம் மற்றவர்களுக்காகச் சொன்னவன்தானே. அவன் திரும்பவில்லை. கழுத்து நரம்பு மட்டும் விடைத்துக்கொண்டு நின்றது.

“என் தம்பி சார்” என்றாள் கீர்த்தி.

“பேரு?”

“ரஞ்சித்து.”

“வயசு?”

அவள் அரை நொடிதான் யோசித்தாள். “எட்டு சார்.”

“பையன் இருக்கறத எழுதவே இல்லையே” என்று அதிகாரி சுப்புராயனைக் கடிந்துகொண்டார். ஆண் வாரிசு இருந்தால் வீட்டு உத்தரவு சுலபமாகக் கிடைக்கும், இதையெல்லாம் விடலாமா என்று கேட்டுக்கொண்டே எழுதினார். பிறகு, பாவம், அப்பன் முகம் தெரியாத பிள்ளை என்று தோன்றியிருக்க வேண்டும். சட்டைப் பையில் கையை விட்டு ஒரு சாக்லேட்டை எடுத்தார்.

“ரஞ்சித்து, இங்க வாடா கண்ணு.”

கோதண்டம் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினான். அதிகாரி நின்ற பக்கம் முகம் தெரியாமல், தலையைக் குனிந்து, கொட்டகை ஓரமாகவே ஓடி, சாலையில் வந்த கண்டெய்னர் லாரிக்கு முன்னால் தாண்டி, கடல் அரிக்காமலிருக்கக் கொட்டியிருந்த கருங்கல் குவியலில் தவழ்ந்து ஏறி அந்தப்பக்கம் மறைந்தான். முதலில் சிரித்தது வரிசையில் நின்ற பிள்ளைகள். அப்புறம் பெண்கள். அப்புறம் சந்தே சிரித்தது. மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியில் சுப்புராயனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. இருபது வருஷம் அவனைப் பார்த்துச் சிரித்துப் பழகிய வாய்கள்.

“ரொம்ப கூச்ச சுபாவம் போலிருக்கு” என்று அதிகாரியும் புன்னகை செய்தார். சாக்லேட்டைக் கீர்த்தி கையில் கொடுத்து, தம்பியிடம் கொடு என்றார். அங்கம்மாவிடம், கவலைப்படாதீர்கள், எழுதிவிட்டேன், வீடு நிச்சயம் என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போனார்.

பகல் முழுக்கக் கோதண்டம் கல்லிடுக்கில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. உப்புத் தண்ணீர் தெறித்து எரிந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குள் சேதி வந்து சேர்ந்துவிட்டது. ஒருவன் நிமிர்ந்து, “இன்னா ரஞ்சித்து, இஸ்கோலுக்குப் போவல?” என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அதோடு கால்படி என்ற பேர் போய், அன்று முதல் குப்பத்தில் அவனுக்கு அதுதான் பேர். பீம்ராவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தான். சங்கத்து லெட்டர் பேடில் தலைவர் என்று அச்சடித்திருக்கும் இடத்தை நினைத்தான். வீட்டை நினைக்கச் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் கொட்டகைக்கு வந்தான். அங்கம்மா தலைக்குக் குளித்து, எப்போதும் வைப்பதைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு, தாலியை வெளியே எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் முழங்காலைப் பார்த்ததும் தேங்காய் எண்ணெய் எடுக்க எழுந்தாள். வேண்டாம் என்றான். காரப்பொடிக் குழம்பு வைத்திருந்தாள். கீர்த்தி தட்டு வைத்துச் சோறு போட்டாள். காலையில் போட்ட ஒற்றைச் சடை அப்படியே இருந்தது, அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுத் தலை நிமிராமலே கேட்டான்.

“ஏம்மா எட்டுன்னு சொன்ன?”

கீர்த்தி குழம்புச் சட்டியில் கரண்டியை வைத்தாள்.

“பத்துன்னா உன் ஒயரத்துக்கு நம்பியிருக்க மாட்டாரு நைனா. ஏயுக்குக் கீய சொன்னா நீ செத்தப்பறம் பொறந்ததா ஆயிடும், அம்மாவத் தப்பாப் பேசுவாங்க. அதான்.”

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கோதண்டம் மனத்துக்குள் இன்னொரு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தான். வேறு எந்த வயதைச் சொல்லியிருந்தாலும் வீடு போயிருக்கும். தட்டை அவள் பக்கம் நகர்த்தி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.